மைக் ஒரு அறையில், கம்ப்யூட்டர் இன்னொரு அறையில்: ரெக்கார்ட் பட்டனை யார் அழுத்துவது?

கேள்வி | 9 ஜூன் 2025, மாலை 6.15

தொண்டியில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன், உதவிக்கு ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று கம்ப்யூட்டரைப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். இப்போது ஒவ்வொரு டேக்குக்கும் ரெக்கார்ட் அழுத்திவிட்டு ஓடி வர வேண்டியிருக்கிறது. ஃபோனை வைத்தே ரெக்கார்டிங் மென்பொருளை இயக்கலாம் என்கிறார்கள். நிஜமாகவே நடக்குமா, இல்லை யூடியூப் கதையா?

9 ஜூன், இரவு 11.40

நடக்கும். எனக்கும் இதே கதைதான், ஊர் மட்டும் பாம்பன். பகலில் செல்போன் கடை, ராத்திரி ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்று சொல்வது என் திமிர். அம்மா காலத்தில் கருவாட்டுச் சாக்கு அடுக்கி வைத்திருந்த அறை அது. பழைய முருகைக்கல் சுவர், ஒன்றரை அடி கனம். மைக் அங்கே, கம்ப்யூட்டர் நடுவீட்டில். தனியாகப் பாடும் நாளில் ரெக்கார்ட் அழுத்து, ஓடு, கதவைச் சாத்து, பாடு. இரண்டு வருஷமாக என் எல்லா டேக்கிலும் முதல் பத்து விநாடி என் மூச்சிரைப்புதான்.

நான் வைத்திருப்பது ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருள். அதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். பிரிஃபரன்ஸில் கண்ட்ரோல், ஓ.எஸ்.சி., வெப் மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம் இருக்கும். அதில் 'ஆட்' அழுத்தி வெப் பிரவுசர் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் 8080 என்று அதுவே போட்டிருக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று காட்டும், அதை ஃபோன் பிரவுசரில் அடித்தால் பிளே, ஸ்டாப், ரெக்கார்ட், ஒவ்வொரு டிராக்கின் வால்யூம் எல்லாம் கைக்கு வந்துவிடும். பயனர் பெயர், பாஸ்வேர்ட் போட இடம் விட்டிருக்கிறார்கள். போட்டுவிடுங்கள்.

இன்டர்நெட் தேவையில்லை. வீட்டு ரூட்டர் ஓடினால் போதும்.

10 ஜூன், காலை

ராத்திரி தூக்கத்தில் விட்டுப்போனது: விண்டோஸ் உங்கள் வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தால் ஃபயர்வால் ஃபோனை உள்ளே விடாது. 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். ரூட்டரில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை இருந்தால் அதில் சேர வேண்டாம். பெரும்பாலும் அதில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள்.

10 ஜூன், மதியம்

"வைஃபை வழியாகப் போனால் பாட்டு தாமதமாகப் பதியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதியாது. குரல் மைக் கேபிளில்தான் போகிறது, ஃபோன் வழியாகப் போவது "தொடங்கு", "நிறுத்து" என்கிற கட்டளை மட்டும். அது கால் விநாடி பிந்தினால் டேக் கால் விநாடி பிந்தித் தொடங்கும், அவ்வளவுதான். பாடும்போது உங்கள் குரலே ஹெட்ஃபோனில் பிந்திக் கேட்கிறது என்றால் அது பஃபர் விஷயம், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பது. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஏறக்குறைய 2.7 மில்லிவிநாடி. 1024 வைத்தால் 21-ஐத் தாண்டும், அங்கேதான் நாக்கு குழறும். ரிமோட் மேல் பழி போடாதீர்கள்.

16 ஜூன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் விசைப்படகு எஞ்சின் சத்தம் இல்லாமல் விடியற்காலையில் பதிவு செய்து பழகிவிட்டேன். நேற்று நாலு மணிக்கு மைக் முன்னால் நிற்கிறேன், மொத்தப் படகும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் என் வயிற்றுக்குள்ளேயே எஞ்சின் ஓடுவது போல இருந்தது.

இதோடு ரயிலும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், இந்த வருஷம் ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தார்கள். நடுவில் இருந்த இரண்டேகால் வருஷத்தில்தான் நான் ஸ்டூடியோ கட்டினேன். ரயிலே இல்லாத ஊரில் இருக்கிறோம் என்கிற நினைப்பில் கதவுக்கு ரப்பர்கூட ஒட்டவில்லை. இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

28 ஜூன்

தொண்டிக்காரர் "நேற்று வேலை செய்தது, இன்று பக்கமே திறக்கவில்லை" என்கிறார். உங்கள் தெருவில் நேற்று கரண்ட் போய் வந்திருக்கும், சரியா? ரூட்டர் அணைந்து எழுந்தால் கம்ப்யூட்டருக்கு வேறு எண் கொடுக்கலாம். நேற்று கடைசியில் 5, இன்று 7. ஃபோன் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. ரூட்டர் செட்டிங்கில் டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன் என்று இருக்கும். அதில் கம்ப்யூட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்து ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

13 ஜூலை

நானே போட்ட முதல் குறிப்பில் சந்தேகம் வந்துவிட்டது. நெட் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் மூன்று நாள் நெட் இல்லை, ரூட்டர் மட்டும் பச்சை விளக்கோடு எரிகிறது. ரிமோட் பக்கம் திறக்கவில்லை! நெட் வந்தது, ரிமோட்டும் வந்தது. அப்படியானால் நெட் வேண்டுமோ? கடைக்கு வந்த இரண்டு பேரிடம் "வேண்டாம்" என்று வேறு அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

20 ஜூலை

வேண்டாம், வேண்டாம். முதலில் எழுதியதுதான் சரி, குற்றவாளி ஃபோன். இந்த வைஃபையில் இன்டர்நெட் வரவில்லை என்று தெரிந்ததும் அதுவாகவே சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பக்கம் போய் 192.168 என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? ஏரோபிளேன் மோடு போட்டு, அதன் பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்தால் வேலை முடிந்தது.

ஏரோபிளேன் மோடு போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் ஊரில் பேசும்போது ஃபோன் அடிக்கடி 2ஜி-க்கு இறங்கும். 2ஜி ஃபோன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்புவதால் மைக் கேபிள் பக்கத்தில் இருந்தால் "டிரிட்-டிட்-டிட்" என்று குரலுக்குள் புகுந்துவிடும். ரிமோட் என்று சொல்லி மைக் ஸ்டாண்டிலேயே ஃபோனைக் கட்டி வைத்தவன் நான். மாதா கோவில் பாட்டு ஒன்றில் அந்தச் சத்தம் இப்போதும் இருக்கிறது. பாட்டுக்காரருக்கு அது ஜால்ரா என்று சொல்லிவைத்தேன்.

21 ஜூலை

மற்ற மென்பொருள்காரர்களுக்குச் சுருக்கமாக. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் லாஜிக் வைத்திருந்தால் ஐபேடுக்கு லாஜிக் ரிமோட் இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். ஆர்டோர் மென்பொருள் ஓ.எஸ்.சி. (நெட்வொர்க் வழியாகக் கட்டளை அனுப்பும் முறை) பேசும், போர்ட் 3819. டச் ஓ.எஸ்.சி. போல ஒரு செயலி வைத்துக்கொண்டால் பட்டன்களை நாமே வரைந்துகொள்ளலாம். ஆனால் அனுப்பும் போர்ட், வாங்கும் போர்ட் என்று இரண்டு எண் கேட்கும். அதை மாற்றிப் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் அனுப்புவது எதுவோ அதுதான் அந்தப் பக்கம் வாங்குவது. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

மோட்டார் ஃபேடர், அதாவது தானே நகரும் வால்யூம் பட்டன்கள், வைத்த கண்ட்ரோலர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். கடலில் இருந்து இருநூறு அடியில் வீடு. தையல் மெஷினே துருப்பிடிக்கிறது.

2 ஆகஸ்ட்

ஃபோனை விட்டுவிட்டேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாடிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்துவிடும். நிறுத்த வேண்டும் என்றால் திரையை எழுப்பு, கைரேகை வை, பிரவுசர் மறுபடி இணையும் வரை காத்திரு. கச்சான் காற்றில் கை முழுக்க உப்புப் பிசுக்கு, கைரேகையை ஏற்காது. திரை அணையவே கூடாது என்று வைத்தால் ஃபோன் சூடாகிறது, அந்த அறையில் ஃபேனும் போட முடியாது.

இப்போது வைத்திருப்பது வயர்லெஸ் நம்பர் பேட். கணக்குப்பிள்ளைகள் லேப்டாப்போடு வைத்திருப்பார்களே, பதினெட்டு பட்டன், அது. அதோடு வரும் சின்ன யு.எஸ்.பி. டாங்கிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் கீபோர்டாகவே எடுத்துக்கொள்கிறது. ரீப்பரில் கேள்விக்குறி அழுத்தினால் ஆக்‌ஷன் லிஸ்ட் வரும், எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று அங்கே கட்டிக்கொள்ளலாம். கியூபேஸில் அதுகூட வேண்டாம், நம்பர் பேடில் நட்சத்திரம் பிறவியிலேயே ரெக்கார்ட். புரோ டூல்ஸில் 3.

ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி சிக்னல் முதலில் தடுமாறியது. டாங்கிளை நீல நிற யு.எஸ்.பி. 3 ஓட்டையில் செருகியிருந்தேன், பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க். யு.எஸ்.பி. 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில். ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைக் கதவு நிலைமேல் கொண்டுபோய் ஒட்டினேன். அதன் பிறகு ஒரு அழுத்துகூடத் தவறவில்லை.

5 ஆகஸ்ட், இரவு 1.10

தவறவில்லை என்று பெருமையாக எழுதி மூன்று நாள்தான் ஆகிறது.

என் அத்தை கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அறுபத்தெட்டு வயசு. அவருடைய அப்பா கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு ஒன்று அவர் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. நாலு மாதமாகக் கெஞ்சி இன்று சம்மதித்தார். விளக்கை அணைத்தால்தான் பாடுவேன் என்றார். அணைத்தேன். பதினோரு நிமிஷம். நடுவில் ஒரு இடத்தில் கை இல்லாத கயிற்றை இழுக்கிறது, தோள் குலுங்குகிறது. இருட்டில் அந்த அளவுக்குத்தான் தெரிந்தது. பாட்டு முடிந்து மூச்சு அடங்கும் வரை காத்திருந்து ஸ்டாப் அழுத்தினேன்.

பூஜ்யம் ஸ்டாப். பக்கத்தில் புள்ளி. அந்தப் புள்ளியில் நான் கட்டி வைத்திருந்தது "நிறுத்து, பதிந்ததை அழித்துவிடு". தப்பான டேக்கைச் சட்டென்று தூக்கிப் போட வசதியாக இருக்கும் என்று நானே தேடிப் பிடித்துப் போட்ட ஆக்‌ஷன் அது. இருட்டில் விரல் அரை அங்குலம் தள்ளி விழுந்தது.

அத்தை வெளியே வந்து "எங்கே மருமகனே, போடு கேப்போம்" என்கிறார். நான் ரூட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

6 ஆகஸ்ட்

ரீசைக்கிள் பின்னில் பார்த்தீர்களா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன். இல்லை.

9 ஆகஸ்ட்

அத்தை மறுபடி பாடினார். "போனா என்ன, வலையும் ஒரே இழுப்புலயா வருது" என்று மட்டும் சொன்னார். இந்த முறை பதினான்கு நிமிஷம். இது பத்திரமாக மூன்று இடத்தில் இருக்கிறது.

நம்பர் பேடில் செய்த மாற்றங்கள். அழிக்கிற ஆக்‌ஷனை எடுத்தாயிற்று, இனி எந்தப் பட்டனிலும் அது கிடையாது. ரெக்கார்ட் 5-இல், ஏனென்றால் 5-இன் மேல் தடவினால் தெரிகிற சின்ன மேடு இருக்கிறது, இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும். ஸ்டாப் பூஜ்யத்தில், அதன் மேல் ஒரு சட்டைப் பொத்தானை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினேன். பக்கத்தில் இருந்த புள்ளியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பல் விழுந்த மாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.

24 ஆகஸ்ட்

இரண்டு கையும் வேலையாக இருக்கிறவர்களுக்கு நம்பர் பேடும் உதவாது என்று ஒரு ஆர்மோனியக்காரர் எழுதியிருந்தார். உண்மை. எங்கள் மாதா கோவில் ஆர்மோனியக்காரருக்கு நான் செய்துகொடுத்தது சஸ்டெயின் பெடல். மிடி (இசைக்கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) கீபோர்டின் பின்னால் பெடலைச் செருகினால் அது 64-ஆம் எண் கண்ட்ரோலராகப் போகும், மிதித்தால் 127, விட்டால் 0. ஆக்‌ஷன் லிஸ்டில் ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்து, 'ஆட்' அழுத்தி, ஒரு மிதி மிதித்தால் கற்றுக்கொள்ளும்.

சில மென்பொருள் மிதிப்பதையும் விடுவதையும் இரண்டு அழுத்தாக எண்ணி ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிவிடும், அதைக் கவனியுங்கள். கீபோர்டை ஆன் செய்யும்போது காலைப் பெடல் மேல் வைக்கவும் வேண்டாம். பல கீபோர்டுகள் அந்த நேரத்தில் பெடல் இருக்கிற நிலையைத்தான் 'சும்மா இருக்கிற நிலை' என்று எடுத்துக்கொள்ளும். பிறகு எல்லாம் தலைகீழ். அவர் பாடும்போது நின்றது, பேசும்போது பதிந்தது. அந்தப் பேச்சை அவர் வீட்டம்மாவும் கேட்டார்.

மிடி 1983-இல் வந்தது. வால்யூம் போன்ற விஷயங்களுக்கு இன்றைக்கும் 0 முதல் 127 வரைதான். நாற்பது வருஷம் கழித்தும் அந்த ஐந்து ஊசிப் பிளக் சொன்ன பேச்சைக் கேட்கிறது. என் கடையில் போன வருஷத்து ஃபோன் போன வருஷத்து வாட்சோடு சேர மாட்டேன் என்கிறது.

25 ஆகஸ்ட்

பெடல் ஜாக்கில் களிம்பு. ஒரே நாள் வெளியில் விட்டேன், பச்சை பூத்துவிட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் ஓரளவு போகும். பெடல், டாங்கிள், மைக் எல்லாம் இப்போது பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. பாட்டி அரிசிப் பானையில் வைக்கச் சொன்னார், அதில் தவிடு புகுந்துகொள்ளும்.

11 செப்டம்பர்

வீட்டுக்கு வெளியில் இருந்து இயக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கீழக்கரை நண்பன் ஒருவன் துபாய்க்குச் சம்பாதிக்கப் போயிருக்கிற சபுராளி. "மாப்ள, நான் இங்கேருந்தே ரெக்கார்ட் அழுத்துறேன், நீ தப்ஸ் வாசி" என்றான். முதலில் ஒரு தூரத்திரைச் செயலி (ரிமோட் டெஸ்க்டாப்) போட்டோம். அவன் உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டரின் ஒலி மொத்தமும் அவன் பக்கம் போய்விட்டது. எனக்கு ஹெட்ஃபோன் ஊமை, அவனுக்கு மட்டும் கேட்கிறது. நான் தாளத்தை ஊகித்து வாசித்தேன். அந்தச் செயலிகளில் 'ஒலி எங்கே ஒலிக்க வேண்டும்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

ரூட்டரில் 8080-ஐ வெளியே திறந்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்துக்குப் பூட்டு என்று இருப்பது ஒரு பாஸ்வேர்ட் மட்டும்தான், போகிற வரும் எழுத்து எதுவும் மறைக்கப்படுவதில்லை. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு வி.பி.என். போட்டால் துபாய் ஃபோனும் வீட்டுக்குள் இருக்கிற ஃபோன் போல ஆகிவிடும். நாங்கள் அதைத்தான் செய்தோம். ரெக்கார்ட் அழுத்துகிறான், ஸ்டாப் அழுத்துகிறான், ஆனால் அவன் கேட்பதும் நான் வாசிப்பதும் ஒரே நேரத்தில் இல்லை. "இன்னும் கொஞ்சம் வேகமா" என்று அவன் சொல்லும்போது நான் அடுத்த சரணத்தில் இருக்கிறேன். ஃபோனில் பேசிக்கொண்டு நானே அழுத்திக்கொண்டது தேவலாம் என்று ஆனது. அவனுக்கு வருத்தம்தான். ஊருக்கு வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

29 செப்டம்பர்

நாலு மாதமாக எழுதியதை இன்று உட்கார்ந்து படித்தேன். எல்லாமே ரெக்கார்ட் பட்டனை எப்படித் தூரத்தில் இருந்து அழுத்துவது என்றுதான் இருக்கிறது. அழுத்தவே வேண்டாம் என்றால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை மைக். விநாடிக்கு 1,44,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 520 எம்.பி.கூட இல்லை. ஒரு சினிமாப் படத்தை ஃபோனில் ஏற்றினால் அதைவிட அதிகம். அறைக்குள் போகும்போதே ஓடவிட்டு, வெளியே வந்துதான் நிறுத்துகிறேன். நம்பர் பேடில் இப்போது எனக்கு வேண்டியது மார்க்கர், அதாவது பதிவில் அந்த இடத்தில் ஒரு கொடி நடுவது, ஒன்றுதான். நல்ல டேக் முடிந்ததும் ஒரு அழுத்து, சுமாராகப் போனால் இரண்டு அழுத்து. பிறகு அந்தக் கொடிகளைப் பார்த்து வெட்டிக்கொள்கிறேன். மார்க்கர் தப்பான இடத்தில் விழுந்தாலும் எதுவும் அழியாது. ஆகஸ்ட் 5-க்கு அப்புறம் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்றும் கிடைத்தது. அத்தை பாட்டு முடிந்ததாக நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தனக்குத்தானே முணுமுணுத்த தாலாட்டு ஒன்று விழுந்திருக்கிறது. மைக் முன்னால் அவர் ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை.

30 செப்டம்பர்

மேலே ஒரு அம்மா கோபமாகக் கேட்டிருக்கிறார்: "அவர் தெரியாமல் பாடியதை வைத்திருப்பது திருட்டு இல்லையா?" நேற்று எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. நியாயமான கேள்வி.

1 அக்டோபர்

அத்தையிடம் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டார். அது இறந்துபோன மகளுக்குப் பாடியதாம். எனக்கு அந்த மகள் இருந்ததே தெரியாது. "அதை எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன், மூன்று இடத்திலும்.

இப்போது அறைக்குள் ஒரு சிவப்பு சீரியல் பல்பு தொங்குகிறது. அது எரிந்தால் பதிகிறது என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் எந்த ரிமோட்டோடும் கட்டவில்லை. சுவரில் சுவிட்ச், கையால் போடுவது.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. இன்றைக்கே வெடி. ரெக்கார்டிங் கிடையாது, அதனால் ஒரு பழைய பாக்கி. ஓடவிட்டே வைத்தால் கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். வேவ் கோப்பின் தலையில் சாதாரணமாக 44 பைட் இருக்கும், கோப்பு எவ்வளவு நீளம் என்பது அதில்தான் எழுதப்படும். எழுதி முடிக்கும் முன் கரண்ட் போனால் நீளம் பூஜ்யம் என்று நின்றுவிடலாம், பிளேயர் திறக்காது. உள்ளே குரல் இருக்கும். ஆடாசிட்டி மென்பொருளில் 'ரா டேட்டா' என்று இறக்கி, 24 பிட், மோனோ, 48,000 என்று சொல்லி, அந்தத் தலையைத் தாண்டித் தொடங்க ஆஃப்செட் 44 பைட் என்று போட்டால் வந்துவிடும்.  இப்படி நான் இரண்டு முறை மீட்டிருக்கிறேன். மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல் யு.பி.எஸ். வாங்கினேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் போட்டால் போதாது, ஆடியோ இன்டர்ஃபேஸும் அதே யு.பி.எஸ்.-இல் இருக்க வேண்டும்.

8 நவம்பர்

அத்தை வந்திருந்தார். ஆகஸ்டில் பதிந்த அம்பாவைக் கேட்க வேண்டும் என்றார். ஹெட்ஃபோனை மாட்டி, நம்பர் பேடை மடியில் வைத்து, எங்கேயாவது தப்பு என்று தோன்றினால் மேடு இருக்கிற பட்டனை அழுத்துங்கள் அத்தை என்றேன். 5-ஐ மார்க்கருக்கு மாற்றியிருந்தேன். பாசி பறித்துப் பறித்து விரல் நுனி முழுக்கக் கீறல், துணி சுற்றியிருக்கிறார். துணியோடே பட்டனைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் ஒரு பத்துப் பன்னிரண்டு கொடியாவது விழும் என்று எதிர்பார்த்தேன். சுருதி விலகிய இடம், இருமல், எட்டாவது நிமிஷத்தில் ரயில் ஹார்ன், இதெல்லாம் எனக்கே கேட்கிறது. பதினான்கு நிமிஷத்தில் அவர் அழுத்தியது ஒரே ஒரு முறை. ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

"காத்து தப்பு" என்றார். "கச்சான்னு பாடிட்டேன். எங்கப்பா சோழகம்னுதான் இழுப்பாரு. அன்னிக்கு வெளிய கச்சான் அடிச்சிச்சுல்ல, வாய் அப்பிடியே போயிருச்சு."

மேற்கில் இருந்து வருவது கச்சான், தெற்கில் இருந்து வருவது சோழகம். வலை எந்தப் பக்கம் விட்டார்கள் என்பதே மாறிவிடும் என்றார்.

9 நவம்பர்

ஒரு வார்த்தைதானே, பஞ்ச்-இன் (அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிவது) செய்துவிடலாம் என்று நினைத்தேன். ரீப்பரில் அந்த வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஆட்டோ பஞ்ச் வைத்தால், முன்னால் இருக்கிற வரி ஓடி, குறித்த இடத்தில் அதுவே பதியத் தொடங்கி, குறித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ரிமோட்டுக்கே வேலை இல்லை. அத்தை அழகாகப் பாடிக்கொடுத்தார்.

ஒட்டிக் கேட்டால் ஓட்டை போட்ட மாதிரி இருக்கிறது. குரல் சரி. பின்னணிதான் இல்லை. ஆகஸ்டில் தென்கடல் கொந்தளிப்பும் பனைமரத்துக் காவோலைச் சலசலப்பும் பதினான்கு நிமிஷமும் கீழே ஓடுகிறது. ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி அது உள்ளே வந்திருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நேற்று வாடைக் காற்று, தென்பக்கம் குளம் போலக் கிடக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கடல் நின்றுபோகிறது.

10 நவம்பர்

காவோலைச் சத்தத்தைப் பாட்டு இல்லாத இடத்தில் இருந்து வெட்டி அடியில் ஒட்டலாமே என்று தொண்டிக்காரர் எழுதியிருக்கிறார். செய்தேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. அத்தையிடம் போட்டேன். "சோழகம்னு பாடுறேன், பின்னால கச்சான்ல அடிக்குது" என்றார்.

16 நவம்பர்

இன்று ராத்திரி முழுப் பாட்டையும் மறுபடி பதிகிறோம். கடல் ஓசை 90.4 ரேடியோவில் காற்று குறைவு என்று சொன்னார்கள். நம்பர் பேடுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று, டாங்கிள் நிலைமேல் இருக்கிறது, யு.பி.எஸ். நிரம்பிவிட்டது. சிவப்பு பல்பு சுவிட்சை இனி தானே போட்டுக்கொள்வதாக அத்தை சொல்லிவிட்டார்.